சிகிச்சையின்போது வரும் காய்ச்சல் குணமாவதன் அடையாளமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு 58 வயது, சீனி வருத்தம் உண்டு. முழங்கால் வலிக்காக 12 நாட்களாக ஓர் இயற்கை வைத்தியரிடம் போகிறார். அக்குபஞ்சர் முறையில் ஊசி குத்துதல், ஒரு சூரணம், இரவில் பழச்சாறு மட்டும் என்ற விரதம், இவை மூன்றும் சேர்ந்த சிகிச்சை. கிளினிக் குளிசைகளை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று நாட்களாக 102 பாகை பரனைட் காய்ச்சல், நடுக்கம், உடம்பு உளைவு. “கழிவு வெளியேறுகிறது, பனடோல் போட்டால் உள்ளேயே அமுங்கிவிடும், இரத்தம் சோதிக்கத் தேவையில்லை” என்று வைத்தியர் சொல்கிறார். காய்ச்சல் உடலுக்கு நல்லதா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் அறிய விரும்புவது, அந்த வார்த்தையை நம்பி இன்னும் எத்தனை நாள் பொறுக்கலாம் என்பதைத்தான்.

பொறுக்க வேண்டாம். இன்றைக்கே ஒரு எப்.பி.சி, அதாவது முழுக் குருதி எண்ணிக்கை, செய்யுங்கள். இரத்தத்தில் சீனியையும் பாருங்கள். அரச வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவில் இதற்குக் காசில்லை. அம்மாவுக்கு என்ன வருத்தம் என்று உங்கள் எழுத்தைப் படித்து யாராலும் சொல்ல முடியாது. அந்த வைத்தியராலும் சோதிக்காமல் சொல்ல முடியாது. காரணங்களைக் கீழே விரிவாக எழுதுகிறேன். நேரமில்லையென்றால் சோதனையை முடித்துவிட்டு வந்து படியுங்கள்.

வைத்தியர் சொல்வதில் உண்மையான பகுதியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதுதான் மீதியையும் நம்பவைக்கிறது. காய்ச்சல் ஒரு நோயல்ல, உடல் தானே உண்டாக்கும் எதிர்வினை என்பது சரி. கிருமியோ வேறு தூண்டுதலோ கண்டதும் நோயெதிர்ப்புக் கலங்கள் சில புரதங்களை வெளியிடும். அவை மூளையின் ஐப்போதலமசுவில் புரோஸ்டகிளாண்டின் ஈ2 என்ற பொருளைக் கூட்ட, உடல் வைத்திருக்க வேண்டிய வெப்பத்தின் அளவு மேலே நகர்கிறது. அந்தப் புதிய அளவை எட்டும்வரை குளிரும் நடுக்கமும் இருக்கும். அளவு கீழே இறங்கும்போது வியர்க்கும். பனடோல் செய்வது மூளையில் அந்தப் புரோஸ்டகிளாண்டினைக் குறைப்பதுதான். காய்ச்சலால் நன்மை உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. 1975இல் பாலைவன இகுவானா என்ற பல்லி இனத்துக்குப் பக்ரீரியாவைச் செலுத்திப் பார்த்தபோது, உடல் வெப்பத்தை உயர்த்திக்கொள்ள வழியிருந்தவை அதிகம் பிழைத்தன. அதனால் 38.5 பாகை செல்சியசைக் கண்டதும் பதறி, எப்படியாவது 37க்கு இறக்கியே ஆகவேண்டும் என்று எந்த நல்ல வைத்தியரும் சொல்லமாட்டார்.

ஆனால் காய்ச்சல் எதிர்வினை என்றால், எதற்கான எதிர்வினை என்ற கேள்வி மிச்சம் நிற்கிறது. “கழிவு” என்பது அதற்குப் பதில் ஆகாது. உடலின் கழிவை ஈரலும் சிறுநீரகமும் நுரையீரலும் ஒவ்வொரு நாளும் வெளியேற்றுகின்றன. அதற்குக் காய்ச்சல் தேவையில்லை. வெப்பம் கூடியதால் இரத்தத்தில் இன்ன பொருள் இவ்வளவு குறைந்தது என்று அளந்து காட்டியவர் எவரும் இல்லை.

இந்த விளக்கம் நம்முடைய பழைய வைத்தியத்திலிருந்து வந்ததென்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. சித்த மருத்துவம் சுரத்தை 64 வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் குறி, நாடி, மருந்து, எது சன்னியாகத் திரும்பும் என்ற எச்சரிக்கை உண்டு. எல்லாச் சுரமும் குணத்தின் அடையாளம் என்று கருதும் மரபு இத்தனை வகை பிரித்திருக்காது. உடலில் தேங்கிய அந்நியப் பொருள் புளிப்பதால்தான் காய்ச்சல் வருகிறது என்பது 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் நீர்ச்சிகிச்சை செய்த லூயி கூனேயின் கருத்து. காந்தியும் கூனேயின் முறையில் ஈடுபாடு கொண்டிருந்தார். குணமாகும்போது ஒரு நெருக்கடி வரும், அதைத் தடுக்கக்கூடாது என்ற பேச்சை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிக்காகோவில் இயற்கை வைத்தியம் செய்த ஹென்றி லிண்ட்லார் போன்றோர் பரப்பினார்கள். ஹோமியோபதியில் மருந்து எடுத்ததும் குறிகள் முதலில் கூடும் என்ற நம்பிக்கை அதைத் தொடங்கிய ஹானிமன் காலத்திலிருந்தே உண்டு. ஆனால் மருந்து கொடுத்தவர்களையும் வெறும் சீனி உருண்டை கொடுத்தவர்களையும் ஒப்பிட்ட பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அப்படிக் கூடுவதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. திருகோணமலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்திலேயே சித்த மருத்துவம் பட்டப்படிப்பாக இருக்கிறது. அங்கே படித்துப் பதிவு பெற்ற ஒருவரிடம் இந்தக் காய்ச்சலைக் காட்டினால், அவரும் முதலில் இரத்தச் சோதனையைத்தான் கேட்பார் என்று எதிர்பார்க்கலாம்.

மருந்து வேலை செய்வதால் காய்ச்சல் வருவது உண்மையில் நடப்பதுண்டு. அதைத் தெரிந்துகொண்டால் உங்கள் அம்மாவின் விஷயம் ஏன் அதில் சேராது என்பது விளங்கும். சிபிலிசு, எலிக்காய்ச்சல் போன்ற சுருளிக் கிருமி நோய்களுக்கு அன்டிபயோட்டிக் கொடுத்தால், கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது சிலருக்குச் சில மணி நேரத்துக்குள் நடுங்கிக் காய்ச்சல் வந்து, ஏறத்தாழ ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். யாரிஷ், ஹெர்க்ஸ்ஹைமர் என்ற இருவரின் பெயரால் அதைக் குறிப்பிடுவார்கள். தடுப்பூசிக் காய்ச்சலும் அப்படித்தான். பெரும்பாலும் முதல் நாளில் வந்து ஓரிரு நாளில் போய்விடும். இரண்டிலும் காரணம் தெரியும், எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்லலாம், எப்போது முடிய வேண்டும் என்றும் சொல்லலாம். முடியாவிட்டால் வேறு காரணம் தேடுவார்கள். காய்ச்சலையே மருந்தாக்கியவரும் ஒருவர் இருந்தார். வியன்னாவின் வாக்னர்-யவுரெக், மூளையைத் தாக்கிய சிபிலிசு நோயாளிகளுக்கு 1917இல் மலேரியா இரத்தத்தை ஏற்றினார். அதற்காக 1927இல் நோபல் பரிசும் கிடைத்தது. சிலர் அந்த மலேரியாவாலேயே இறந்தார்கள். பின்னர் பெனிசிலின் வந்ததும் அந்த முறை கைவிடப்பட்டது. கவனிக்க வேண்டியது, அவரே காய்ச்சல் ஏறும் தடவைகளை எண்ணி, போதும் என்றதும் மலேரியா மருந்தான கொயினா கொடுத்து நிறுத்தினார். எப்போது நிறுத்துவது என்பது அந்தச் சிகிச்சையின் பாதியாக இருந்தது. உங்கள் வைத்தியரிடமும் அதையே கேளுங்கள்: எத்தனையாம் நாள் வரும் என்று சிகிச்சைக்கு முன் சொன்னீர்களா, எத்தனை பாகை வரை, எத்தனை மணி நேரம், எந்தக் குறியைக் கண்டால் இது குணமாவதல்ல என்று ஒத்துக்கொள்வீர்கள்? காய்ச்சல் ஏறினால் கழிவு வெளியேறுகிறது, இறங்கினால் வெளியேறி முடிந்தது, தடித்தால் தோல் வழியாகப் போகிறது, சத்தி எடுத்தால் வாய் வழியாகப் போகிறது என்றால், எது நடந்தாலும் பொருந்துகிற அந்த விளக்கத்தால் நோயாளிக்கு ஒரு பயனும் இல்லை.

இந்த விளக்கம் நம் மாவட்டத்தில் குறிப்பாக ஆபத்தாவதற்குக் காரணம் டெங்கு. 2017இல் இலங்கை முழுவதும் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்கு சந்தேகத்துடன் பதிவானார்கள். அந்த ஆண்டின் தொடக்க மாதங்களில் கிண்ணியா பட்ட பாடு இங்கே எல்லோருக்கும் தெரியும். டெங்குவில் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் நாட்களைவிட அது இறங்கும் நாள்தான் பயங்கரம். பெரும்பாலும் மூன்றாம் நாள் முடிவிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் தணியும்போது, சிலருக்கு நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கி, குருதியின் நீர்ப்பகுதி நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் போய்விடும். இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். அந்த நேரத்தில் இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் நெருங்கி வரும். இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே போனால் அதிர்ச்சி நிலை, அதாவது உறுப்புகளுக்கு இரத்தம் போதாமல் போகும் ஆபத்து. கை கால் குளிர்ந்திருக்கும், ஆனால் ஆள் தெளிவாகக் கதைத்துக்கொண்டே இருப்பார், அதனால் வீட்டார் ஏமாந்துபோவார்கள். “காய்ச்சல் விட்டுது, வேர்த்துது, கழிவு போய்ட்டுது” என்று வைத்தியர் ஆறுதல் சொல்லும் நேரமும் இந்த நேரமும் ஒன்றாகவே வரும். அதற்கடுத்து உடம்பெல்லாம் சிவந்து, நடுவில் வெள்ளைப் புள்ளிகளோடு கடி எடுக்கும் ஒரு தடிப்பு வரலாம். அது டெங்கு தேறும் காலத்துக் குறி. அதையும் கழிவின் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

ஆகவே நாள் கணக்கு முக்கியம். காய்ச்சல் தொடங்கிய முதல் 24 மணி நேரம் முதலாம் நாள். எங்கள் சுகாதாரப் பகுதி சொல்வது, மூன்றாம் நாளிலாவது எப்.பி.சி செய்ய வேண்டும் என்று. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயதானவர்கள், அம்மாவைப் போல் சீனி வருத்தம் உள்ளவர்கள் அதற்கும் முன்னரே வைத்தியசாலை வைத்தியரைக் காண வேண்டும். வெண்குருதிக் கலங்கள் 5,000க்குக் கீழே இறங்குவதும், இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 1,50,000க்குக் கீழே இறங்கிக்கொண்டு வருவதும் டெங்குவைச் சந்தேகிக்கச் செய்யும். பிளேட்லெட் 1,00,000க்குக் கீழே போனால் வார்ட்டில் மறிப்பார்கள். எண்ணிக்கை ஒரு தடவை நன்றாக இருந்ததற்காக நிம்மதி கொள்ளாமல் வைத்தியர் சொன்ன இடைவெளியில் திரும்பச் செய்யுங்கள், ஏனென்றால் பிளேட்லெட் இறங்குவதும் ஹீமற்றோகிரிட், அதாவது குருதியில் செங்கலங்களின் பங்கு, ஏறுவதும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். டெங்கு வைரசின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 சோதனை முதல் சில நாட்களில்தான் பயன்படும். அது இல்லை என்று வந்தாலும் டெங்கு இல்லை என்று அர்த்தமில்லை. விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்பச் சத்தி, முரசிலோ மூக்கிலோ இரத்தம், கறுப்பாக மலம், ஒரேயடியாகச் சோர்வு அல்லது அமைதியின்மை, 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாமை: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

டெங்கு மட்டுமா என்றால் இல்லை. மாரி காலத்தில் வெள்ளாமை வயலில் இறங்குபவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரலாம். கெண்டைக்கால் சதை தொட்டால் நோகும், கண் சிவக்கும், சிறுநீர் குறையும். அந்தக் காய்ச்சல் சில நாளில் விட்டு மறுபடி வரும் வழக்கமும் உண்டு. இரண்டாம் தடவை வரும்போது “அடுத்த கட்டக் கழிவு” என்று விளக்கம் தயாராக இருக்கும். அதற்குள் சிறுநீரகம் பழுதாகியிருக்கலாம். மண்ணிலும் சேற்று நீரிலும் வாழும் ஒரு பக்ரீரியாவால் வரும் மெலியோயிடோசிசு இலங்கையிலும் உண்டு. அது சீனி வருத்தம் உள்ளவர்களை அதிகம் தேடிப் பிடிக்கும், அதற்கு வாரக்கணக்கில் ஊசி மருந்து வேண்டும். அம்மா வயலுக்குப் போகாதவர் என்றால் இவற்றின் வாய்ப்புக் குறைவு. சிறுநீர்த் தொற்று அப்படியல்ல. சீனி வருத்தமுள்ள பெண்ணுக்கு நடுங்கிக் காய்ச்சல் வந்தால் அதை முதல் வரிசையிலேயே பார்ப்பார்கள். மலேரியா 2016இல் நாட்டிலிருந்து ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. வீட்டில் யாரும் ஆபிரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ போய் வந்திருந்தால் மட்டும் அதைச் சொல்லுங்கள்.

இனி அந்தச் சிகிச்சையே காய்ச்சலைக் கொடுத்திருக்கலாம் என்ற பக்கம். ஊசி சுத்தமில்லாவிட்டால் குத்திய இடத்தில் சீழ் கட்டலாம், கிருமி இரத்தத்திலும் ஏறலாம். ஒவ்வொரு தடவையும் புதிய, மூடிய பொதியை உங்கள் முன்னால் கிழித்து ஊசியை எடுத்தார்களா என்று அம்மாவைக் கேளுங்கள். குத்திய இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சிவப்பு, சூடு, வீக்கம், அழுத்தினால் வலி இருந்தால் அது வைத்தியருக்குப் பெரிய துப்பு. இதய வால்வுக் குறைபாடு உள்ளவர்களுக்கு இது உயிராபத்து. கீறி இரத்தம் எடுக்கும் ஹிஜாமாவுக்கும் அட்டை விடுவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அடுத்தது மருந்துக் காய்ச்சல். மூலிகையானாலும் மாத்திரையானாலும் புதிதாகத் தொடங்கிய ஒன்றுக்கு உடல் ஒவ்வாமை காட்டினால், பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் காய்ச்சலாக வரும். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் போகும். அம்மாவுக்குச் சிகிச்சையின் ஒன்பதாம் நாளளவில் காய்ச்சல் தொடங்கியிருப்பதால் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் தொற்று இல்லை என்று உறுதியான பிறகுதான் இந்த முடிவுக்கு வரலாம்.

எனக்கு அதிகம் உறுத்துவது அந்தச் சூரணம். மூட்டு வலிக்கென்று பெயரில்லாப் பொட்டலத்தில் வரும் தூள்களில் பிரெட்னிசலோன், டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீரொயிட்டையோ டைக்ளோபெனக் என்ற வலி மருந்தையோ கலந்து விற்பது பல நாடுகளில் சோதனையில் அகப்பட்டிருக்கிறது. இரண்டே நாளில் வலி மாயமாகப் போனது, பசி கூடியது, முகம் ஊதியது, சீனி திடீரென ஏறியது என்றால் சந்தேகப்படுங்கள். ஸ்டீரொயிட் தொற்றை வளரவிட்டுக் காய்ச்சலை மறைக்கும். பல வாரம் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் உடல் தன் சொந்த ஸ்டீரொயிட்டைச் சுரக்க முடியாமல் சத்தி, மயக்கம், காய்ச்சல், இரத்த அழுத்த வீழ்ச்சி என்று வந்துசேரும். அதே காரணத்தால், கிளினிக்கில் ஏற்கெனவே பிரெட்னிசலோன் கொடுத்திருந்து அதை இவர்கள் நிறுத்தியிருந்தால் அது இன்றைக்கே வைத்தியரிடம் சொல்ல வேண்டிய செய்தி. மூட்டு வாதத்துக்கு மெதொட்ரெக்சேட்டோ, தைரொயிட்டுக்குக் கார்பிமசோலோ எடுப்பவர்களுக்குக் காய்ச்சலும் தொண்டை நோவும் வந்தால், வெண்குருதிக் கலங்கள் குறைந்துவிட்டனவா என்று அன்றே பார்க்க வேண்டும்.

சீனிக் குளிசைகளைப் பற்றி: காய்ச்சலோடு சத்தியும் வயிற்றோட்டமும் இருந்து உடலில் நீர் குறைந்தால் மெட்போர்மினை வைத்தியரே சில நாள் நிறுத்தச் சொல்வார். எம்பாகிளிபுளோசின், டபாகிளிபுளோசின் வகைக் குளிசைகளையும் அப்படித்தான். ஆனால் அது வைத்தியர் அளந்து செய்யும் தற்காலிக நிறுத்தம். இன்சுலின் போடுபவர் சாப்பிடவில்லை என்று அதை முழுதாக விடக்கூடாது. கிளிக்லசைட் போன்றதை எடுத்துக்கொண்டு விரதம் இருந்தால் சீனி விழும். வீட்டில் குளுக்கோமீற்றர் இருந்தால் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாருங்கள். விரதத்தை இன்றோடு நிறுத்துங்கள்.

பனடோல் காய்ச்சலை “உள்ளே அமுக்கும்” என்பதற்கு ஆதாரமில்லை. அது நோயை நீட்டுமா என்று பார்த்த ஆய்வுகளிலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அது நோயைக் குணப்படுத்துவதும் இல்லை. உடம்பு நோவு குறைந்து, குடிக்கவும் தூங்கவும் முடிவதுதான் அதன் பயன். 50 கிலோவுக்கு மேற்பட்ட பெரியவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, 24 மணி நேரத்தில் எட்டுக் குளிசைக்கு மேல் வேண்டாம். ஈரல் வருத்தம் உள்ளவருக்கும் உடல் மெலிந்தவருக்கும் அதைவிடக் குறைவு. பிள்ளைகளுக்கு ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஒரு நாளில் நான்கு தடவைதான். காய்ச்சல் இறங்கவில்லை என்று இடையில் கூடுதலாகக் கொடுப்பதும், தடிமன் குளிசையில் ஏற்கெனவே பரசிற்றமோல் இருப்பதைக் கவனிக்காததும் ஈரலைப் பழுதாக்கும். அஸ்பிரின், புரூபன், வோல்டரன், பொன்ஸ்டான் இவை டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை வேண்டவே வேண்டாம். இதயத்துக்காக நாளாந்தம் அஸ்பிரின் எடுப்பவர் என்றால் அதை நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் கேளுங்கள்.

குடிக்கக் கொடுப்பது ஜீவனி, அரிசிக் கஞ்சி, பால், சீனி போடாத சூப். செவ்விளநீரும் பழச்சாறும் சீனி வருத்தம் உள்ளவருக்கு அளவோடுதான். பெரியவருக்கு 24 மணி நேரத்தில் மொத்தம் இரண்டரை லீற்றர் அளவாகப் பிரித்துக் கொடுங்கள். இதயம், சிறுநீரக வருத்தம் இருந்தால் அந்த அளவை வைத்தியர் சொல்லட்டும். கசிவுக் காலத்தில் நீர் குறைந்தாலும் ஆபத்து, கூடினால் அதே நீர் நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்து மூச்சை அடைக்கும். வார்ட்டில் மணிக்கணக்கில் அளந்து கொடுப்பது இதனால்தான். சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிருங்கள், சத்தியில் இரத்தம் இருந்தால் தெரியாமல் போகும். போர்வைகளைக் குவித்து மூட வேண்டாம், ஐஸ் தண்ணீரும் வேண்டாம். இளஞ்சூட்டுத் துணியால் துடைத்தால் போதும். வெப்பமானியைக் கக்கத்தில் வைத்துச் சத்தம் வரும்வரை கையை ஒட்டிப் பிடியுங்கள். வாயில் எடுப்பதைவிட அரைப் பாகை செல்சியஸ் அளவு குறைவாகக் காட்டும். நீராவிக் குளியலுக்கோ கன்னியா வெந்நீருக்கோ போய் வந்தவுடன் பார்த்தால் காட்டுவது காய்ச்சலல்ல, அரை மணி நேரமாவது கழித்துப் பாருங்கள். நாளுக்கு நான்கு தடவை நேரம், வெப்பம், குடித்த அளவு, சிறுநீர் போன தடவை, கொடுத்த மருந்து ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

அம்மா அந்த வைத்தியரை நம்புகிறார் என்றால் அவரைத் திட்டிப் பயனில்லை. முழங்காலுக்கு என்ன செய்வது என்பதைக் காய்ச்சல் விட்ட பிறகு ஆறுதலாகப் பேசலாம். இரத்தம் சோதித்ததால் எந்த வைத்தியமும் முறிந்துபோகாது என்று மட்டும் இப்போது சொல்லுங்கள். வைத்தியசாலையில் மூலிகை விஷயத்தை மறைக்காதீர்கள். ஏசுவார்கள் என்ற பயத்தில் பலர் மறைப்பதால்தான் காரணம் கண்டுபிடிக்கப் பிந்துகிறது. மிஞ்சிய சூரணப் பொட்டலம், கிளினிக் கொப்பி, நிறுத்திய குளிசைகளின் அட்டைகள், நீங்கள் எழுதிய கொப்பி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். திருகோணமலை பொது வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக வாகனம் இல்லாவிட்டால், அல்லது மேலே சொன்ன ஆபத்துக் குறியில் ஒன்று தெரிந்தால், 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். எடுக்கும்போது காய்ச்சலின் எத்தனையாம் நாள் என்பதையும், சீனி வருத்தம் உண்டு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.